மந்திரியை இழந்தால் இழப்பு எவ்வளவு?

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு விளிம்பில், சித்தூர் வட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலோ வேலந்தாவளத்திலோ, தமிழ்வழியில் படித்த மாணவர் ஒருவரும் மலையாளவழியில் படித்த மாணவர் ஒருவரும் ஒரே சதுரங்கப் பலகையின் முன் அமர்ந்தால், ஆட்டத்தின் விதிகளைப் பற்றி அவர்களுக்குள் எந்தக் கருத்து வேறுபாடும் எழாது. ஆட்டம் முடிந்து அதைப் பற்றிப் பேசத் தொடங்கும்போதுதான் சிக்கல் எழும். "மந்திரியை இழந்ததால் தோற்றேன்" என்று தமிழ் மாணவர் சொன்னால், அவர் இழந்தது மூலைவிட்டமாகச் செல்லும் பிஷப். மலையாளத்திலோ மந்திரி என்பது ராணிக்கு வழங்கும் பெயர். சொன்னவர் மூன்று புள்ளி போயிற்று என்கிறார். கேட்பவர் ஒன்பது புள்ளி போயிற்று என்று எடுத்துக்கொள்கிறார். யானைக்கும் இதே கதிதான். தமிழர் பேச்சில் யானை மூலைக்கட்டத்தில் நிற்கும் ரூக். மலையாளத்தில் அந்த மூலையில் நிற்பது தேர். 'ஆன' என்றால் அது பிஷப். இடுக்கியின் தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலை வட்டங்களிலும், தமிழும் மலையாளமும் ஒரே கடைத்தெருவில் புழங்கும் இடமெங்கும் இந்தச் சொற்குழப்பத்திற்கு இடமுண்டு.

இதை எல்லைப்புற வேடிக்கை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் ஒரு காயின் பெயர் அப்படியே நிற்க, அதன் நகர்வும் மதிப்பும் அடியில் இடம்பெயர்ந்துகொண்டே இருப்பது சதுரங்க வரலாறு முழுவதிலும் காணப்படும் நிகழ்வு. கணினிகள் காய்களுக்கு விலை வைக்கத் தொடங்கிய பின்னரும் அது நிற்கவில்லை. இன்று பெயருக்குப் பதிலாக எண் அந்த வேலையைச் செய்கிறது. குறிப்பாக இறுதியாட்டத்தில், சிறுகாய்களான குதிரைக்கும் பிஷப்புக்கும் கணினி கொடுக்கும் மதிப்பைப் பற்றிய பேச்சுகளில் பெரும்பகுதி, எந்த அலகில் பேசுகிறோம் என்பதைக் கேட்காமலேயே நடைபெறுகிறது. (குழப்பம் நேராதிருக்க, இனி இங்கே பிஷப், ரூக் என்ற பெயர்களே வழங்கப்படும்.)

காய்களுக்கு எண்ணால் மதிப்பிடும் பழக்கம் கணினிக்கு ஆயிரம் ஆண்டு மூத்தது. 1030 அளவில் இந்தியாவைப் பற்றி எழுதிய அல்-பிரூனி, இங்கே தாம் அறிந்த, பகடை உருட்டி நால்வர் ஆடும் சதுரங்கத்தை விவரிக்கும்போது ஒரு விலைப்பட்டியலையும் தருகிறார்: அரசன் 5, யானை 4, குதிரை 3, ரூக் 2, காலாள் 1. இந்த யானை இன்றைய ரூக்கும் அன்று, இன்றைய பிஷப்பும் அன்று. முன்னோக்கி ஒரு கட்டம், நான்கு மூலைகளில் ஒவ்வொரு கட்டம் என ஐந்து இடங்களுக்கு மட்டுமே செல்லும்; தும்பிக்கை ஒன்று, கால்கள் நான்கு என்பது விளக்கம். ஒரே கட்டம் நகரும் காய்க்கு 4, ரூக்குக்கு 2 என்பது இன்றைய கண்ணுக்கு அபத்தமாகத் தோன்றும். ஆனால் அவ்வெண்கள் காயின் ஆற்றலை அளப்பவை அல்ல. வெட்டியவருக்குப் பந்தயப் பணத்தில் எத்தனை பங்கு என்பதைச் சொல்பவை. எண் ஒன்றுதான், அளக்கப்படுவது வேறு.

ஆற்றலை அளந்த பட்டியல் அரபு ஆசிரியர்களிடம் கிடைக்கிறது. 9ஆம் நூற்றாண்டின் அல்-அத்லி, அவருக்குப் பின்வந்த அஸ்-ஸூலி மரபில் ரூக் ஒரு திர்ஹம், குதிரை மூன்றில் இரண்டு, யானை கால் திர்ஹம் மட்டுமே. யானையின் வீழ்ச்சிக்குக் காரணம் அதன் நகர்வு. அங்கே அது மூலைவிட்டமாக இரண்டாம் கட்டத்திற்குத் தாவும், இடைக்கட்டத்தைத் தொடாது. அப்படித் தாவும் யானை தன் வாழ்நாள் முழுவதும் 64 கட்டங்களில் 8 கட்டங்களை மட்டுமே மிதிக்க முடியும். பலகையில் உள்ள நான்கு யானைகளுக்கும் இந்த எட்டுகள் வெவ்வேறு. எனவே எந்த யானையும் இன்னொரு யானையை வெட்டவே முடியாது. இந்தியரிடையே யானை மூலைக்கட்டத்தில் நின்று, நேர்த்திசையில் இரண்டாம் கட்டத்திற்குத் தாவும் ஒரு வகை உண்டென்றும் அல்-அத்லி பதிவு செய்கிறார். இன்றைய தமிழ் யானை நிற்கும் மூலையும் அதுவே என்பது சுவையான பொருத்தம். இதை நேரடித் தொடர்ச்சி என்று சொல்லிவிடுவது அவசரம். இந்தியில் மூலையில் இருப்பது யானை, பிஷப்போ ஒட்டகம். வங்காளத்தில் பிஷப்தான் யானை, மூலையில் இருப்பது படகு. ரஷ்ய மொழியிலும் பிஷப் யானையே. ஸ்பானியரின் 'அல்ஃபில்' அரபு யானையின் பெயர்தான். மந்திரியைப் பொறுத்தவரை மலையாளமே பழமையைக் காத்திருக்கிறது. அரசனுக்கு அருகில் நின்ற காய் முதலில் அமைச்சராகவே இருந்தது. ஐரோப்பாவில் அது ராணியாயிற்று. தமிழில் ராணி அந்த இடத்தை எடுத்துக்கொண்டபோது மந்திரி ஒரு கட்டம் தள்ளி அமர்ந்தார் என்று கருத இடமுண்டு.

15ஆம் நூற்றாண்டின் இறுதியில் தென் ஐரோப்பாவில் யானை நீள்பாய்ச்சல் பெற்று இன்றைய பிஷப் ஆனது. கால் திர்ஹக் காய் ஒரே தலைமுறையில் குதிரைக்கு இணையாயிற்று. இணைதானா, சற்று மேலா என்ற வழக்கு அன்று தொடங்கி இன்றளவும் முடியவில்லை. வெற்றுப் பலகையில் எல்லாக் கட்டங்களுக்கும் சராசரி பார்த்தால் குதிரைக்கு 5.25 நகர்வுகள், பிஷப்புக்கு 8.75. நகர்வை மட்டும் எண்ணினால் பிஷப் ஒன்றரை மடங்குக்கும் மேல். ஆனால் அது பாதிப் பலகையில் மட்டுமே உயிர்வாழும் காய். மற்ற நிறத்துக் கட்டங்கள் அதற்கு இல்லாதவையே. குதிரை எங்கும் செல்லும், மெதுவாக. 1847இல் வெளிவந்த கையேட்டில் ஹோவார்ட் ஸ்டான்டன் காலாளை 1 என்று வைத்து, குதிரை 3.05, பிஷப் 3.50, ரூக் 5.48, ராணி 9.94 என்று நூற்றுக்கூறு வரை எழுதினார்.

கணினிக்கு வந்தபோது இந்தப் பின்னங்கள் சுமையாயின. 1950இல் அச்சேறிய கட்டுரையில் கிளாட் ஷானன் ராணி 9, ரூக் 5, பிஷப் 3, குதிரை 3, காலாள் 1 என்று எடுத்துக்கொண்டார். ஏறத்தாழ அதே காலத்தில் ஆலன் டூரிங், ஓடுவதற்கு இயந்திரம் இல்லாமல் தாளிலேயே வகுத்த நிரலில் பிஷப்புக்கு மூன்றரை, குதிரைக்கு மூன்று, ராணிக்குப் பத்து. 1952இல் டூரிங் தம் கையாலேயே கணக்கிட்டு நடத்திய ஆட்டத்தில் அந்த நிரல் 29 நகர்வுகளில் தோற்றது. ஷானனின் 'மூன்றும் மூன்றும்' நிரலாளரின் வசதிக்கான ஏற்பாடு. அதையே பின்னர் பாடநூல்கள் இயற்கை விதிபோல் எடுத்துரைத்தது அவர் குற்றமன்று.

நிலையான எண் எங்கே உடைகிறது என்பதைக் காட்ட இறுதியாட்டத்தைவிடச் சிறந்த இடம் இல்லை. ஒருவரிடம் அரசனும் பிஷப்பும் பலகையின் ஓரவரிசைக் காலாள் ஒன்றும் உள்ளன. எதிரியிடம் அரசன் மட்டும். கணக்குப்படி நான்கு புள்ளி முன்னிலை. ஆனால் அந்தக் காலாள் ராணியாகும் மூலைக்கட்டம் பிஷப்பின் நிறத்தில் இல்லாவிட்டால், எதிரி அரசன் அம்மூலையை அடைந்த கணமே ஆட்டம் சமன். அங்கிருந்து அவனை எழுப்ப எந்த வழியும் இல்லை. பிஷப்புக்குப் பதில் குதிரை இருந்தால் பெரும்பாலும் வெற்றி. இன்னொரு விந்தை: இரண்டு குதிரைகள், ஆறு புள்ளி, தனி அரசனை வலிந்து வீழ்த்த முடியாது. எதிரிக்கு ஒரு காலாள் இருந்தாலோ சில நிலைகளில் முடியும். தனி அரசனை மூலையில் நெருக்கும்போது அவனுக்கு நகர்வே இல்லாமற்போய் ஆட்டம் சமனாகிவிடும். நகர்த்த ஒரு காலாள் இருந்தால் அந்தப் புகலிடம் அடைபடுகிறது. ரஷ்யரான ட்ரொயிட்ஸ்கி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை விரிவாக ஆராய்ந்தார். எதிரியின் கையிருப்பு கூடியதால் தோற்கிறான் என்பதை எந்தக் கூட்டல் கணக்கு சொல்லும்?

விதி மாறினாலும் மதிப்பு மாறும். பழைய அரபு ஆட்டத்தில் எதிரியின் கடைசிக் காயையும் வெட்டி அரசனைத் தனியாக்கிவிட்டாலே பொதுவாக வெற்றி; அங்கே ஒற்றைக் குதிரையும் போதுமான செல்வம். இந்தியாவின் பல வட்டார விதிகளிலோ அரசனைத் தனியாக்குவது முழு வெற்றியாகாது. இன்றைய விதியில் ஒற்றைக் குதிரையோ ஒற்றை பிஷப்போ வெறும் அலங்காரம்.

நிரலாளர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். அவர்கள் செய்தது, எண்ணை வைத்துக்கொண்டே அதற்குத் திருத்தங்களை அடுக்கியது. 1999 மார்ச்சில் லாரி காஃப்மன், வலிய ஆட்டக்காரர்களின் ஏறத்தாழ 3 இலட்சம் ஆட்டங்களை அலசி எழுதிய கட்டுரை இதில் ஒரு திருப்பம். குதிரைக்கும் பிஷப்புக்கும் ஒரே விலை, மூன்றேகால். ஆனால் இரு நிற பிஷப்புகளும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால் அந்த இணைக்கு அரைக் காலாள் கூடுதல் என்றார். மேலும் தன் பக்கத்துக் காலாட்கள் ஐந்துக்கு மேல் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் குதிரையின் மதிப்பு பதினாறில் ஒரு பங்கு கூடும், ஐந்துக்குக் கீழே போனால் அதே அளவு குறையும். அதாவது பலகை வெறுமையாக ஆக, குதிரை இளைக்கிறது. இறுதியாட்டத்தில் பிஷப் மேல் என்ற வாய்வழி மரபுக்குக் கிடைத்த முதல் விரிவான எண்சான்றுகளுள் இது ஒன்று. ஆனால் அது சான்றாவது மனிதர் ஆடிய ஆட்டங்களுக்கு. அக்கூட்டத்தின் பழக்கங்களும் பிழைகளும் அந்தச் சராசரியில் கலந்தே இருக்கின்றன.

அடுத்த படி, ஒவ்வொரு காய்க்கும் இரண்டு விலை: நடுவாட்டத்திற்கு ஒன்று, இறுதியாட்டத்திற்கு ஒன்று. காய்கள் குறையக் குறைய நிரல் முதல் விலையிலிருந்து இரண்டாவதற்குச் சிறிதுசிறிதாக நகரும். யாவரும் திறந்து படிக்கக்கூடிய ஸ்டாக்ஃபிஷ் நிரலின் 11ஆம் பதிப்பில் (2020 ஜனவரி) காலாள் 128, 213; குதிரை 781, 854; பிஷப் 825, 915; ரூக் 1276, 1380. முதல் பார்வைக்கு எல்லாக் காய்களும் இறுதியாட்டத்தில் விலை உயர்வதுபோல் தெரியும். காலாளை அலகாகக் கொண்டு வகுத்துப் பார்த்தால் கதை தலைகீழ். குதிரை 6.1 காலாளிலிருந்து 4.0-க்கும், பிஷப் 6.4-லிருந்து 4.3-க்கும் இறங்குகின்றன. உண்மையில் ஏறியது காலாள். ராணியாகும் வாய்ப்பு நெருங்குவதால். குதிரைக்கும் பிஷப்புக்கும் இடையிலான வேறுபாடு இரு கட்டத்திலும் காலாளில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே நிற்கிறது. ஆக, 'கணினி இறுதியாட்டத்தில் பிஷப்பை உயர்த்துகிறது' என்று இந்த அட்டவணையை மட்டும் காட்டி வாதிடுவோர் அலகைக் கவனிக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். பிஷப்பின் உண்மையான ஏற்ற இறக்கம் வேறு வரிகளில் இருந்தது: தன் நிறக் கட்டங்களில் தன் காலாட்களே அடைத்து நின்றால் தண்டம், இரு பக்கமும் எதிர்நிற பிஷப் மட்டுமே மிஞ்சினால் முன்னிலை முழுவதையும் பாதிக்கும் கீழாகச் சுருக்கும் பெருக்கி, மேலே சொன்ன ஓரக்காலாள் மூலைக்கென்றே தனியாக எழுதப்பட்ட விலக்கு. விலையைவிட விலக்குகள் நீண்டிருந்தன.

விலக்குகளாலும் பிடிபடாதவை இருந்தன. 1998 லினாரெஸ் போட்டியில் டோபலோவுக்கு எதிராக, எதிர்நிற பிஷப்புகள் நின்ற இறுதியாட்டத்தில், ஷிரோவ் தம் 47ஆம் நகர்வில் பிஷப்பையே காலாளின் வாயில் கொண்டுபோய் வைத்தார். அரசன் முன்னேற ஒரு நகர்வு மிச்சமாக வேண்டும். அதற்கு விலை ஒரு பிஷப். அக்காலக் கணினிகளுக்கு அது எட்டவில்லை. மூன்று புள்ளியை வீசியெறிவது அவற்றின் கணக்கில் பிழை மட்டுமே.

இதற்கு இணையாக, விலையே இல்லாத ஒரு கணினி மரபும் வளர்ந்தது. கென் தாம்சன் 1980களில் சில காய்களே உள்ள எல்லா நிலைகளையும் முடிவிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு அட்டவணையாக்கினார். இரண்டு பிஷப்புகளுக்கு எதிராகக் குதிரை ஒன்று தாக்குப்பிடிக்கும் என்பது 1851இல் கிளிங், ஹோர்விட்ஸ் இருவரும் காட்டிய அரண் நிலையிலிருந்து நூற்றாண்டுக்கும் மேலாக நிலவிய தீர்ப்பு. தாம்சனின் அட்டவணை அந்த அரணை உடைத்தது. பொதுவாக அது வெற்றி. மிக நீண்ட வழியில் 66 நகர்வு. காலாள் நகராமலும் வெட்டு நிகழாமலும் 50 நகர்வு கடந்தால் சமன் கோரலாம் என்ற விதி இதனால் ஆட்டம் கண்டது. உலகக் கூட்டமைப்பு சில இறுதியாட்டங்களுக்கு வரம்பை நீட்டிப் பார்த்து, பிறகு 50-க்கே திரும்பியது. 2018இல் ஏழு காய்கள் வரையிலான ஸிஸிஜி அட்டவணைகள் முழுமை பெற்றன. அவற்றில் குதிரைக்கு மூன்று என்றோ பிஷப்புக்கு மூன்றேகால் என்றோ ஒன்றும் இல்லை. ஒவ்வொரு நிலைக்கும் வெற்றி, சமன், தோல்வி என்ற முடிவு மட்டுமே உண்டு. காயின் மதிப்பு என்பது முடிவு தெரியாதவர்களுக்குத் தேவைப்படும் ஊகம் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல இயலாது.

2020 செப்டம்பரில் ஸ்டாக்ஃபிஷ் 12 நரம்பியல் வலையை ஏற்றது. 2023இல் கையால் எழுதிய பழைய மதிப்பீட்டுப் பகுதி நிரலிலிருந்து அகற்றப்பட்டது. தண்டங்களும் விலக்குகளும் அதோடு போயின. அதே ஆண்டுகளில் ஆல்ஃபாஸீரோவின் ஆட்டங்களிலிருந்து, கிராம்னிக் உள்ளிட்ட ஆய்வாளர் குழு காய்களின் விலையைப் பின்னோக்கிக் கணித்தது: குதிரை 3.05, பிஷப் 3.33, ரூக் 5.63, ராணி 9.5. ஸ்டான்டனின் குதிரையும் 3.05 என்பதைக் கண்டு மெய்சிலிர்க்க வேண்டியதில்லை. மற்ற மூன்றும் பொருந்தவில்லை. ஆனால் பிஷப்புக்கும் குதிரைக்கும் இடையே மூன்றில் ஒரு பங்கு அளவிலான இடைவெளி, 2020இன் இரு வேறு இயந்திரங்களிலும் தலைகாட்டுவது கவனத்திற்குரியது.

வகுப்பறைக்கு உண்மையில் உறைக்க வேண்டிய மாற்றம் வேறொன்று. 2022 டிசம்பரில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 15.1 முதல், திரையில் தெரியும் +1.00 என்பது ஒரு காலாள் முன்னிலையைக் குறிப்பதில்லை. அந்த நிரல் தனக்குத்தானே ஆடினால் வெல்லும் வாய்ப்பு 50 விழுக்காடு என்பதைக் குறிக்கிறது. அலகு மாறிவிட்டது, எழுத்து அப்படியே இருக்கிறது. கைபேசியில் +0.33 என்று பார்த்து 'பிஷப் குதிரையைவிட மேல் என்பதால் வந்த முன்னிலை' என்று குறிப்பெழுதும் மாணவர், மந்திரி போயிற்று என்பதைக் கேட்டு ராணி போயிற்று என்று நினைத்த மாணவரின் நிலையில்தான் இருக்கிறார். இதில் பாதிக்கப்படுவோர் பெரும்பாலும் பயிற்சியாளர் எட்டாத ஊர்களின் பிள்ளைகள். நிஹால் சரினைத் தந்த திருச்சூரும் கிராண்ட்மாஸ்டர்கள் மலிந்த சென்னையும் இரு புறமும் இருக்க, இடையிலுள்ள மலையோரப் பள்ளிகளில் பலருக்கு ஆசிரியர் அந்தத் திரை ஒன்றே.

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலகப் பட்டப்போட்டியின் 14ஆவது ஆட்டம் இந்தக் கணக்குகளையெல்லாம் ஒரே நிலையில் கொண்டுவந்து நிறுத்தியது. டிங் லிரென் வெள்ளை. சென்னையின் குகேஷ் கறுப்பு. இருவரிடமும் ஒரு ரூக், ஒரே நிறக் கட்டங்களில் செல்லும் ஒரு பிஷப். குகேஷிடம் ஒரு காலாள் கூடுதல். சமனில் முடியவேண்டிய நிலை என்றே கணினிகள் காட்டிக்கொண்டிருந்தன. டிங்கின் பிஷப் பலகையின் கோடி மூலையில் போய் நின்றது. எந்த அட்டவணையிலும் இரு பிஷப்புகளுக்கும் ஒரே விலை. மூலையில் நின்றதற்காக யாரும் கவலைப்படவில்லை. 55ஆம் நகர்வில் டிங் ரூக்குகளை மாற்றிக்கொள்ள இடம் கொடுத்தார். குகேஷ் வெட்டினார், டிங் அரசனால் வெட்டினார். அடுத்து கறுப்பு பிஷப் பலகையின் நடுவில் வந்து, மூலையில் நின்ற பிஷப்பின் ஒரே மூலைவிட்டத்தை மறித்து நின்றது. விலகிச் செல்ல அதற்கு வேறு வழியே இல்லை. மாற்றத்தை ஏற்க வேண்டியதாயிற்று. அரசனும் காலாட்களும் மட்டும் மிஞ்சிய ஆட்டத்தில், கூடுதலாக இருந்த ஒரே காலாள் போதுமானதாயிற்று. 58ஆம் நகர்வில் டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார், 7.5–6.5 என்ற கணக்கில் பட்டம் 18 வயது குகேஷுக்கு.

அந்தக் கடைசி மாற்றத்தைத் தமிழில் சொல்பவர் மந்திரிக்கு மந்திரி வெட்டுப்பட்டது என்பார். சித்தூரிலோ பீருமேட்டிலோ பக்கத்தில் இருக்கும் மலையாள மாணவர் அதே நகர்வை 'ஆனயும் ஆனயும்' என்று சொல்வார். ஆட்டக்குறிப்புத் தாளில் இருவரும் எழுதுவது 'பிஷப்' என்பதன் முதல் ஆங்கில எழுத்தை.